லாரி டிரைவர் சம்பளம்: நூத்துக்கு 12-ஆ, கிலோமீட்டருக்கு 5-ஆ, மாசச் சம்பளமா? எது நியாயம்?

எருமப்பட்டியான்:

வணக்கமுங்க. தம்பிகிட்ட ஹெவி லைசென்ஸ் இருக்கு. நாமக்கல் பக்கம் மூணு இடத்துல 12 சக்கர வண்டிக்குக் கூப்பிடறாங்க. மூணுலயும் சம்பளம் மூணு விதம்.

ஒரு ஷெட்ல (லாரி ஓனர் ஆபீஸ்) வாடகையில நூத்துக்கு 12 ரூபாய், சாப்பாடு அவன் கைக்காசு. இன்னொரு இடத்துல கிலோமீட்டருக்கு 5 ரூபாய், சாப்பாடு இதுலயும் அவனோடதுதான். மூணாவது கம்பெனி வண்டி: மாசம் 18,000, வண்டி வெளியில இருக்கற ஒவ்வொரு நாளைக்கும் 500 ரூபாய் படி.

லைன் மூணுக்கும் ஏறத்தாழ ஒண்ணுதான். சேலத்துல ஜவ்வரிசி ஏத்திட்டு நாக்பூர், அங்கிருந்து கோழித்தீவனத்துக்கு சோயா புண்ணாக்கு ஏத்தி நாமக்கல். ஒத்தை டிரைவர், கிளீனர் கிடையாது.

கையில எது நிக்கும்? நூத்துக்கு 12-ன்னா எந்த நூறு? லோடு இறக்காம வண்டி நாலு நாள் நின்னா அந்த நாலு நாளுக்குக் கூலி யார் பொறுப்பு? எடை குறைஞ்சா டிரைவர் கணக்குல பிடிப்பாங்கன்னு சொல்றாங்க, அதுக்கு சட்டத்துல இடம் இருக்கா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கணக்கேடு:

மாதக் கணக்காகப் பார்த்தால் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். ஒரு நடையை, அதாவது ஒருமுறை போய் வருவதை, எடுத்து நாள் கணக்காகப் பிரித்தால்தான் வித்தியாசம் புரியும். கீழே உள்ள வாடகை கணக்குக்காக வைத்துக்கொண்டது. தம்பிக்குச் சொன்ன உண்மையான எண்ணை அந்த இடத்தில் போட்டுப் பாருங்கள்.

35 டன் மொத்த எடை கொண்ட 12 சக்கர வண்டி, பாரம் சுமார் 25 டன் என்று எடுத்துக்கொள்கிறேன். சேலத்திலிருந்து பெங்களூரு, கர்னூல், ஐதராபாத் வழியாக நாக்பூர் வரை என்.எச்.44 ஒரே சாலை. உள்ளூர்ச் சுற்றலையும் சேர்த்துப் போக வர 2,600 கி.மீ. போகும்போது டன்னுக்கு 3,000, வரும்போது 2,800 என்றால் மொத்த வாடகை 1,45,000. சாப்பாடு, குளியல், டீ எல்லாம் சேர்த்து நாளுக்கு 450 ரூபாய்.

நூற்றுக்கு 12 என்றால் 17,400. நடை 10 நாளில் முடிந்தால் சாப்பாட்டுக்கு 4,500 போக 12,900 நிற்கும், நாளுக்கு 1,290. அதே நடை 14 நாள் இழுத்தால் சாப்பாடு 6,300 ஆகிவிடும். மிச்சம் 11,100, நாளுக்கு 793.

கிலோமீட்டருக்கு 5 என்றால் 13,000. 10 நாளில் முடிந்தால் நாளுக்கு 850, 14 நாளானால் 479.

மாதம் 18,000-ம் 500 படியும் என்றால், 10 நாளானாலும் 14 நாளானாலும் சாப்பாடு போக நாளுக்கு 650.

இதில் கவனிக்க வேண்டியது 1,290-க்கும் 793-க்கும் நடுவில் உள்ள பள்ளம். ஓட்டிய தூரம் ஒன்றுதான், பாரமும் ஒன்றுதான். கூடுதலாகக் கழிந்த அந்த நான்கு நாளும் தம்பி நாக்பூர் மில் வாசலில் வண்டிக்குக் காவல் இருக்கிறார். அதற்கு ஒரு பைசா வரவில்லை, கைக்காசு 1,800 செலவாகியிருக்கிறது. பர்சன்ட்டேஜ் சம்பளத்தின் உண்மையான குறை விகிதத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. 12-ஐ 13 ஆக்கச் சொல்லிப் பேரம் பேசினால் இந்த நடையில் 1,450 கூடும். நிற்கிற நாளுக்குக் காசு பேசினால் அதைவிடக் கூடுதலாக வரும்.

"எந்த நூறு?" என்பது சரியான கேள்வி. மூன்று வகை உண்டு. மொத்த வாடகைக்கு 12 என்பது ஒன்று. புக்கிங் ஆபீஸ் கமிஷன் போக மீதிக்கு 12 என்பது இன்னொன்று. மூன்றாவது, டீசலும் டோலும் போக மிச்சத்தில் 20. 20 என்றதும் பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் 650 லிட்டர், லிட்டர் 93 ரூபாய் வீதம் 60,450. டோல் 17,000 என்று வைப்போம். மிச்சம் 67,550. அதில் 20 விழுக்காடு 13,510. மொத்தத்தில் 12 வாங்குபவரைவிட 3,890 குறைவு.

போதாததற்கு, வண்டி பழசாகி மைலேஜ் 3.6-க்கு இறங்கினால் டீசல் இன்னும் 72 லிட்டர் கூடும், டிரைவர் பங்கில் இன்னொரு 1,343 போய்விடும். இன்ஜெக்டர் பார்க்காதது ஓனர், கூலி குறைவது டிரைவருக்கு. நிகர வாடகையில் பங்கு என்ற ஏற்பாட்டுக்குத் தம்பி ஒத்துக்கொள்ளவே வேண்டாம்.

தொப்பூர்_இறக்கம்:

மேல போட்ட கணக்கு சரிதாங்க. அதுல வராத பிடித்தம்தான் டிரைவரை உட்கார வைக்கறது. மூணு விஷயத்தைத் தம்பி இப்பவே தெரிஞ்சுக்கட்டும்.

முதல்ல ஷார்ட்டேஜ், அதாவது எடைக் குறைவு. புண்ணாக்கு லோடுல இதுதான் அடிக்கடி வர்ற சண்டை. ஏத்தற இடத்துல காலி வண்டி எடை, லோடு வண்டி எடை ரெண்டும் போடுவாங்க. கழிச்சா சரக்கு எடை. இறக்கற இடத்துலயும் அதே மாதிரி லோடோட ஒரு தடவை, காலியாக ஒரு தடவை போட்டா பிரச்சினை ரொம்பக் குறைவு. ஆனா நிறைய இடத்துல லோடு எடையை மட்டும் போட்டுட்டு, காலி எடைக்கு ஏத்தற இடத்துச் சீட்டைப் பார்த்துக் கழிப்பாங்க. தப்பு அங்கதான். நாக்பூர்ல எடை போடறப்ப டேங்க்ல 280 லிட்டர் இருந்து, நாமக்கல் மேடையில ஏறறப்ப 30 லிட்டர் இருந்தா, 250 லிட்டர் டீசல் எரிஞ்சு போயிருக்கு. டீசல் லிட்டருக்கு சுமார் 830 கிராம். 200 கிலோவுக்கு மேல அங்கயே குறையுது. சரக்குல ஒரு பிடி குறையல, சீட்டுல 200 கிலோ குறைவு. கிலோ 40 ரூபாய்னு போட்டாக்கூட 8,000 ரூபாய். தம்பியோட 17,400-ல பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

மழையில நனைஞ்ச தார்பாயும் கணக்கை மாத்தும். காலி எடை காய்ஞ்ச தார்பாயோட, லோடு எடை நனைஞ்ச தார்பாயோட போட்டா சரக்கு கூடுதலா ஏறின மாதிரி சீட்டு வரும். ஊர் வந்து வெயில்ல காய்ஞ்சதும் அதுவே ஷார்ட்டேஜாத் தெரியும். அதனால ரெண்டு முனையிலயும், ஒவ்வொரு முறை மேடை ஏறறப்பவும், டேங்க் முள்ளையும் ஓடோமீட்டரையும் ஒரே போட்டோவுல வர்ற மாதிரி எடுக்கணும். எடைச் சீட்டையும் அப்பவே எடுத்து ஓனருக்கு அனுப்பிடணும். இறக்கினதும் "காலி எடை போட்டுக் குடுங்க"ன்னு கேட்டு வாங்கணும். வேண்டாம்னு சொன்னா வெளியில எடை மேடையில கட்டணம் கட்டியாவது போட்டு வைக்கறது நல்லது.

ரெண்டாவது டீசல் ஃபிக்ஸிங். "லிட்டருக்கு 4 குடுக்கணும், குறைஞ்சா உன் கணக்கு"ன்னு சில ஷெட்ல சொல்வாங்க. அந்த 4 எப்படி வந்துச்சுன்னு கேளுங்க. காலி வண்டியில சமமான ரோட்டுல எடுத்த மைலேஜை வெச்சு 25 டன்னுக்கு ஃபிக்ஸ் பண்ணினா நடக்காது. சேலம் தாண்டினதும் தொப்பூர் கணவாய். அதுக்கு மேல பெங்களூரு வரைக்கும் நிலம் ஏறிட்டே போகுது. கணவாய்ல போறப்ப ஏத்தம், வர்றப்ப இறக்கம், அதனால ஒரு பக்க மைலேஜை வெச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது. மைலேஜ் எடுக்கற சரியான வழி: ஒரே பங்க், சமமான தரை, நாசில் முதல் கட் ஆகற வரைக்கும் ஃபுல். திரும்பி வந்து அதே பங்க்ல அதே மாதிரி ஃபுல். நடுவுல போட்ட லிட்டரெல்லாம் சேர்த்து, ஓடின கிலோமீட்டரை வகுக்கணும். மூணு நடை இப்படி எடுத்து சராசரி போட்டு அதுக்கப்புறம் ஃபிக்ஸ் பண்ணினா நியாயம்.

மைலேஜ் குறையறதுக்கு டிரைவர் கால் மட்டும் காரணம் இல்ல. டயர்ல காத்து குறைவு, ஏர் ஃபில்டர் அடைப்பு, பிரேக் லைனர் பிடிச்சுட்டு விடாம உரசறது, வீல் அலைன்மென்ட். பிஎஸ்6 வண்டியில புகை வடிகட்டி அடைச்சுட்டு அடிக்கடி தானா எரிச்சு சுத்தம் பண்ண ஆரம்பிச்சாலும் டீசல் போகும். கிளம்பறதுக்கு முந்தி 12 டயரையும் தட்டிப் பார்த்து, ஒவ்வொரு ஹப்பையும் 30 கி.மீ. ஓட்டினப்புறம் பக்கத்துல கை வெச்சுப் பார்த்தா எந்தச் சக்கரம் சூடாகுதுன்னு தெரிஞ்சுடும். மத்ததைவிட ஒண்ணு மட்டும் கொதிச்சா அங்க லைனர் உரசுது, இல்லைன்னா பேரிங் போகப்போகுது. அதையும் எழுதி ஓனருக்கு அனுப்பிட்டா "நீ ஓட்டத் தெரியாம டீசலைக் குடிச்சுட்டே"ங்கற பேச்சு வராது.

இறக்கற இடத்துல க்யூவில நிக்கறப்ப இன்ஜினை ஆஃப் பண்ணாம ஏசி போட்டுட்டுத் தூங்கினா மணிக்கு சுமார் 2 லிட்டர் போயிரும். ஆனா நாக்பூர்ல மே மாசம் கேபினுக்குள்ள மனுசன் படுக்க முடியாது. 2025 அக்டோபர் 1-க்கு அப்புறம் தயாரான பெரிய லாரியில ஏசி கேபின் கட்டாயம்னு அரசே கொண்டுவந்திருக்கு. ஏசி வண்டியைக் குடுத்துட்டு அந்த டீசலை டிரைவர் தலையில எழுதறது சரி கிடையாது. வேலையில சேர்றப்பவே "நிக்கற ராத்திரிக்கு இத்தனை லிட்டர்"னு தனியா ஒதுக்கச் சொல்லுங்க.

மூணாவது ஹால்ட்டிங், அதாவது வண்டி நிக்கற நாளுக்கு வாங்கற காசு. பொதுவா 24 மணி நேரம் வரைக்கும் சும்மா நிக்கணும், அதுக்கு மேல நாளுக்கு இவ்வளவுன்னு புக்கிங்கப்பவே பேசுவாங்க. அந்தக் காசு வாங்கறதுக்கு ஒரே ஆதாரம், வண்டி வந்து சேர்ந்த நேரம். எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியில "வந்த தேதி, மணி, கையெழுத்து, சீல்" வாங்காம கேட்டுக்குள்ள போகக்கூடாது. வாட்ச்மேன் சீல் போட மாட்டேன்னா கேட் டோக்கனை போட்டோ எடுக்கணும், மில் பேர் தெரியற மாதிரி வண்டியையும் எடுத்து, அந்த நிமிசமே லோடு ஏத்தின பார்ட்டிக்கும் ஓனருக்கும் அனுப்பணும். நாலு நாள் கழிச்சு அனுப்பற போட்டோவுக்கு மதிப்பு இல்ல.

சரக்கோட போற ஜிஎஸ்டி சீட்டான இ-வே பில்லையும் பார்த்துக்கங்க. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் வீதம் கெடு. 1,300 கி.மீ.க்கு 7 நாள் இருக்கும், ஓட்டறதுக்குத் தாராளம். வழியில கிளட்ச் போயி நின்னுட்டாலோ, மில் லீவுன்னு வெளியிலயே நின்னாலோதான் முடிஞ்சுடும். முடியறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியிருந்து முடிஞ்ச 8 மணி நேரம் வரைக்கும் நீட்டிக்கலாம். அது டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் வேலை, ஆனா ஞாபகப்படுத்தாம விட்டா மடக்கறப்ப வண்டியில இருக்கறது டிரைவர்தான்.

ஒத்தைவண்டி_ஓனர்:

டிரைவர் பக்கம் சொன்னது எதையும் மறுக்கலைங்க. ஆனா ஓனர் எல்லாரும் டிரைவர் காசுல குடும்பம் நடத்தறாங்கங்கற மாதிரி படிக்கறவங்களுக்குத் தோணக்கூடாது. கணக்கேடு போட்ட அதே நடையை இந்தப் பக்கமிருந்து பாருங்க.

வரவு 1,45,000. டீசல் 60,450, டோல் 17,000, ஆட்ப்ளூ (புகையைச் சுத்தம் பண்ண ஊத்தற திரவம்) 1,500, டிரைவருக்கு 17,400. கமிஷன், ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, தார்பாய் கட்டற கூலி, எடை மேடை, வழி மாமூல்னு 8,000. நிக்கறது 40,650. ஊர்ல ரெண்டு நாள் சர்வீஸ், லோடுக்குக் காத்திருப்பு சேர்த்தா 10 நாள் நடை 12 நாளாகும். மாசம் ரெண்டரை நடை, 1,01,625. இதுல தவணை 70,000. டயர் தேய்மானம் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் வெச்சா 13,000. இன்சூரன்ஸ், பர்மிட், எஃப்சி (தகுதிச் சான்று) மாசத்துக்குப் பிரிச்சா 8,000. மூணாம் நபர் பிரீமியம் மட்டுமே 20-லிருந்து 40 டன் வண்டிக்கு 2022-ல நிர்ணயிச்சது வருசத்துக்கு 43,950, வரி தனி. கடைசியில மிஞ்சறது 10,625. கியர் பாக்ஸ் ஒரு தடவை இறங்கினா ஒரு வருச மிச்சம் அதுல போயிரும்.

நடை 14 நாளானா மாசத்துக்கு ரெண்டு நடைதான். 81,300 வரும், மேல சொன்ன செலவெல்லாம் (டயர் மட்டும் ரெண்டு நடைக்கு 10,400) போக 7,100 கைநட்டம். நிக்கற நாள் டிரைவரை மட்டும் அடிக்கலைங்க, ஒத்தை வண்டிக்காரனையும் சேர்த்துத்தான் அடிக்குது. வண்டியை நாலு நாள் வாசல்ல நிறுத்தி வெச்சு இலவச குடோனாப் பயன்படுத்தறவங்க யாரோ, அவங்ககிட்டருந்து ஹால்ட்டிங் வாங்கினாத்தான் ரெண்டு பேரும் பிழைக்க முடியும். புக்கிங் ஆபீஸ்ல ஹால்ட்டிங்னு பேச ஆரம்பிச்சா "வேற வண்டி பார்த்துக்கறோம்"னு சொல்லிடறாங்க. பேலன்ஸ் வாடகையும் இறக்கின ரசீது போய்ச் சேர்ந்து பல நாள் கழிச்சுத்தான் வருது.

ஹால்ட்டிங் வந்தா அதுல பாதி டிரைவருக்குன்னு வெக்கறதுதான் முறை. வண்டி நிக்குது, ஆள் தூக்கம் முழிக்கறான். பாதி கேட்கறதுல தப்பே இல்ல.

கணக்கேடு:

ஓனர் நண்பர் சொன்ன எண்கள் நியாயமானவை. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வாடகை டன்னுக்கு 3,000-லிருந்து 2,500-க்கும், 2,800-லிருந்து 2,200-க்கும் இறங்கினால் மொத்தம் 1,17,500. டிரைவர் பங்கு 14,100. வேலை இம்மியும் குறையவில்லை, 3,300 குறைந்துவிட்டது. வாடகையைப் பேசுவது ஓனர், புரோக்கர், சரக்குக்காரர் மூவரும். அந்தப் பேச்சில் உட்காராத ஒருவரை அதன் நட்டத்தில் மட்டும் பங்காளி ஆக்குவது எனக்கு ஏற்பில்லை. பர்சன்ட்டேஜ் வேண்டும் என்றால் கூடவே "நடைக்கு இவ்வளவுக்குக் குறையாது" என்று ஒரு அடித்தொகை பேச வேண்டும். இந்த லைனுக்கு 12 விழுக்காடு அல்லது 15,000, எது கூடுதலோ அது என்பது போல.

கூடுதல் பாரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பர்சன்ட்டேஜில் இது ஒரு தூண்டில். 5 டன் அதிகம் ஏற்றினால் டன்னுக்கு 2,800 வீதம் டிரைவருக்கு வருவது 1,680. பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000. 5 டன்னுக்கு 30,000. கூடுதல் பாரத்தை அங்கேயே இறக்கிய பிறகுதான் வண்டி நகரும். லைசென்ஸை இடைநிறுத்தவும் வழி இருக்கிறது, அது ஓனருடைய லைசென்ஸ் இல்லை. 1,680-க்காக இதைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. தொப்பூர் இறக்கத்தில் 30 டன்னோடு பிரேக் சூடாகி மங்கினால் அதற்குப் பிறகு கணக்கே இல்லை.

வேலைநேரம்8:

சட்டம் கேட்டிருந்தீர்கள். தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தது. நெடுந்தூர வழித்தடத்துக்கு அனுமதியோடு 10 மணி, வாரத்துக்கு 54. தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி ஓய்வு, கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, அந்தச் சட்டம் பணிப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. 8 மணி நேரமும் இரட்டிப்புக் கூலியும் அப்படியே தொடர்கின்றன. பழைய சட்டம் 5 தொழிலாளராவது உள்ள நிறுவனத்தையே தொட்டது, புதியதில் குறைந்தது 10 பேர் இருக்க வேண்டும். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டில் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் ஏராளம். அவர்களிடம் வேலை பார்க்கும் டிரைவரை இந்தத் தொகுப்பின் நேரக் கட்டுப்பாடு எட்டுவதில்லை. இது பெரிய ஓட்டை.

2,600 கி.மீ.யைச் சராசரி 40 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 65 மணி நேரம். 8 மணி நேரப்படி ஓட்டம் மட்டுமே 8 நாளைத் தாண்டும். 10 நாள் நடையில் ஏற்றவும் இறக்கவும் மூன்று நான்கு நாள் போனால், மிச்ச ஆறேழு நாளில் தினமும் 10 மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தால்தான் ஊர் திரும்ப முடியும். ஆகவே நாளுக்கு 1,290 என்பது 8 மணி நேரக் கூலி அன்று. கிலோமீட்டர் கணக்கில் வாங்குபவர் இன்னும் வேகமாக ஓட்டத் தள்ளப்படுவார். ராத்திரி 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே கண் அசந்து நின்ற வண்டியின் பின்னால் போய் மோதுவதற்கு இந்தச் சம்பள முறையும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஷார்ட்டேஜ் பிடித்தம்: 2019-ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்புக்கு இத்தனை பேராவது இருக்க வேண்டும் என்ற வரம்பு கிடையாது, ஒத்தை வண்டி ஓனருக்கும் பொருந்தும். சரக்கு இழப்புக்குப் பிடிக்க வேண்டுமானால் அது நேரடியாகத் தொழிலாளியின் கவனக்குறைவால் வந்ததாக இருக்க வேண்டும். இழப்பின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிடிக்கும் முன் அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக் கூடாது. டேங்கில் டீசல் குறைந்ததால் வந்த 200 கிலோவுக்கு மேலே தொப்பூர் நண்பர் சொன்ன போட்டோதான் விளக்கம். வேலையை விட்டாலும் நீக்கினாலும் பாக்கிக் கூலியை இரண்டு வேலைநாளில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடத்துக்குள் மனு போடலாம். "பார்ட்டிகிட்டருந்து பேலன்ஸ் வரட்டும்" என்பது டிரைவர் கூலியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

அடுத்தது யாரும் பேசாத ஒன்று, விபத்து. வேலையின்போது இறந்தால் தொழிலாளர் இழப்பீட்டுக் கணக்கு: மாதக் கூலியில் பாதி, அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். கணக்கில் எடுக்கும் மாதக் கூலிக்கு 2020-ல் அறிவித்த உச்சம் 15,000. 40 வயதுக்குக் காரணி 184.17. ஆக 7,500 பெருக்கல் 184.17, அதாவது 13,81,275 ரூபாய். சம்பளச் சீட்டில் 10,000 என்று மட்டும் எழுதியிருந்தால் 9,20,850 ஆகிவிடும். குடும்பத்துக்கு நான்கரை லட்சத்துக்கு மேல் நட்டம். எதுவுமே எழுதாமல் ரொக்கமாக வாங்கினால் வருமானத்தை மெய்ப்பிப்பதே பெரும் பாடு. எனவே நூற்றுக்கு 12 வாங்கினாலும் அதை வங்கிக் கணக்கில் வாங்கச் சொல்லுங்கள். கைச்செலவு அட்வான்ஸ் வேறு, கூலி வேறு என்று இரண்டையும் தனித்தனியாக அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டியின் இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பார்த்து, சம்பள டிரைவருக்கான சட்டப் பொறுப்பு என்ற வரி பிரீமியம் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆள் ஒன்றுக்கு 50 ரூபாய்தான். தனிநபர் விபத்துக் காப்பு என்று 15 லட்சம் போட்டிருப்பது ஓனரே ஓட்டினால் அவருக்கு உரியது, தம்பிக்கு அன்று. இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

கம்பெனி வண்டியில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்து, கூலி 21,000-க்குள் என்றால் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) உண்டு. தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு, நிறுவனம் 3.25. 20 பேரோ அதற்கு மேலோ என்றால் பி.எஃப். 12 விழுக்காடு, நிறுவனமும் தன் பங்கைப் போட வேண்டும். கணக்கேடு போட்ட நாளுக்கு 650-ல் இவை வரவில்லை. அவற்றைச் சேர்த்தால் மூன்றாவது இடம் முதலில் தோன்றியதைவிட நல்லது. ஒத்தை வண்டியில் சேர்ந்தால் அமைப்புசாரா ஓட்டுநர்கள் நல வாரியத்தில் தம்பி தானே பதிந்துகொள்ளலாம். 18 முதல் 60 வயது வரை. லைசென்ஸ், ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

எருமப்பட்டியான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. மூணாவது இடத்துல விசாரிச்சதுல பி.எஃப். இருக்குன்னு சொன்னாங்க, ஆனா 500 படி "ஓடற நாளுக்கு மட்டும்"னு இப்பத்தான் தெரிஞ்சுது. நின்னா 200 தானாம். முதல் ஷெட்ல அடித்தொகை பேசலாம்னு சொல்றாங்க. தம்பி லைசென்ஸை ஆபீஸ்ல ஒரிஜினலாக் குடுத்து வெக்கச் சொல்றாங்க, குடுக்கலாமா? சேர்றதுக்கு முன்னாடி எதை எதை எழுதி வாங்கணும்?

கணக்கேடு:

அப்படியானால் மூன்றாவது இடத்தின் கணக்கு மாறுகிறது. 10 நாளில் 7 ஓட்டம், 3 நிற்றல் என்றால் படி 5,000 அன்று, 4,100. நாளுக்கு 560 ஆகும். 14 நாளில் 7 ஓட்டம், 7 நிற்றல் என்றால் 8,400-ம் 4,900-ம் சேர்ந்து 13,300. சாப்பாடு 6,300 போனால் 7,000, நாளுக்கு 500. நான் மேலே "எத்தனை நாளானாலும் 650" என்று எழுதியதை இந்த இடத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம். படியை எதற்கு எண்ணுகிறார்கள் என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும்.

தொப்பூர்_இறக்கம்:

லைசென்ஸ் ஒரிஜினலைக் குடுக்கவே கூடாதுங்க தம்பிக்கு. நகல் போதும். ஒரிஜினல் உள்ள போச்சுன்னா வேலையை விடறப்ப கணக்கு முடிக்காம இழுத்தடிக்க அதுவே பிடி. பெரிய தொகையா அட்வான்ஸ் வாங்கறதும் அதே மாதிரிதான். 50,000 முன்பணம் வாங்கினவர் வண்டியில பிரேக் சரியில்லைன்னாலும் "ஏத்த மாட்டேன்"னு சொல்ல முடியாது. ஒரு நடைக் கூலிக்கு மேல கை நீட்ட வேண்டாம்.

எழுதி வாங்கறதுக்கு முத்திரைத்தாள் எல்லாம் தேவையில்ல. ஓனர் நம்பர்லருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தாலும் சாட்சிதான். தம்பியே இப்படி எழுதி அனுப்பட்டும், அவர் "சரி"ன்னு போட்டா முடிஞ்சுது:

"மொத்த வாடகைக்கு நூத்துக்கு 12, நடைக்குக் குறைஞ்சது 15,000. கமிஷன் கழிக்கறது இல்ல. ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, தார்பாய் கூலி, எடை மேடை, பார்க்கிங், பஞ்சர் எல்லாம் வண்டிச் செலவு. 24 மணி நேரத்துக்கு மேல வண்டி நின்னா நாளுக்கு 700, பார்ட்டி ஹால்ட்டிங் குடுத்தாலும் குடுக்கலைன்னாலும். பார்ட்டி குடுத்தா அதுல பாதி, ரெண்டுல எது கூடுதலோ அது. ரெண்டு முனையிலயும் லோடு எடை, காலி எடை போட்டு வித்தியாசம் வந்தா மட்டும் ஷார்ட்டேஜ் பேசறது. ஊர் வந்து மூணு நாளுக்குள்ள கணக்கு."

700 எதுக்குன்னா 450 சாப்பாட்டுக்கு, 250 காவலுக்கு. 14 நாள் இழுத்தாலும் அந்தக் கூடுதல் நாலு நாளுக்கு 2,800 வரும். 793-ங்கறது 993 ஆகும். அப்பவும் 1,290 வராது, ஆனா கைக்காசு போட்டு நிக்கற நிலைமை இருக்காது.

வாடகை எவ்வளவுன்னு தெரியாம பர்சன்ட்டேஜுக்கு அர்த்தமே இல்லைங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க. லோடு பேசினதும் புக்கிங் சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லணும். 75,000-க்குப் பேசிட்டு டிரைவர்கிட்ட 66,000-ன்னு சொல்ற இடமும் உண்டு. எல்.ஆர்.ல வாடகைக் கட்டத்துல தொகை போடாம எழுத்துல ஏதாவது போட்டு விட்டுருப்பாங்க, அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

ஒத்தைவண்டி_ஓனர்:

700 கூடுதல்னு சில பேர் சொல்லலாம், ஆனா எழுதின மத்ததெல்லாம் ஒத்துக்கக்கூடியதுதான். ரெண்டாவது இடத்துக்கே போறதா இருந்தா ஒண்ணு கேட்டுக்கங்க: கிலோமீட்டருக்கு 5-ங்கறது ஓடோமீட்டர் கணக்கா, மேப் கணக்கா? சேலத்துக்கும் நாக்பூருக்கும் மேப்புல வர்ற தூரத்தை மட்டும் ரெண்டால பெருக்கிக் குடுக்கற ஷெட் இருக்கு. ஜவ்வரிசி இறக்கின இடத்துலருந்து புண்ணாக்கு ஏத்தற மில்லு 80 கிலோமீட்டர் தள்ளி இருந்தா, அந்தக் காலி ஓட்டம் கணக்குல வராது. ஒரு நடைக்கு 400 ரூபாய் அதுலயே போகும். ஜிபிஎஸ் ரிப்போர்ட்படின்னு பேசிக்கங்க, ரெண்டு பேருக்கும் சண்டை இருக்காது.